ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு ரோபோ வாக்குவங்களில் ஒன்றைத் தெரிந்தெடுப்பது எப்படி? கொழும்பு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

தானே ஓடித் தரையைச் சுத்தம் செய்யும் ரோபோ வாக்குவம் வாங்கப் போனால், கடைக்காரர் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்து, "இரண்டும் ஒண்டுதான், விலையில மட்டும்தான் வித்தியாசம்" என்று சொல்லும் கட்டத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வித்தியாசம் இருக்கவே செய்கிறது. ஆனால் அது பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவதில்லை.

உறவினருக்கும் அயலவருக்குமாக இதுவரை ஒன்பது இயந்திரங்களைத் தெரிந்து வாங்க உதவியிருக்கிறேன். அவற்றுள் இரண்டு பயன்படாமற் போயின. இரண்டிலும் உறிஞ்சுதிறனில் குறை இருக்கவில்லை. ஒன்று செற்றிக்குக் கீழே நுழையவில்லை. மற்றதற்கு மாற்றுத் தூரிகை கொழும்பில் எங்குமே கிடைக்கவில்லை. அதனால்தான் கீழுள்ள படிகளை முதலில் வீடு, அடுத்துத் தரவுத்தாள், அதன்பின் உதிரிப்பாகம், கடைசியில் கடை என்ற ஒழுங்கில் வைத்திருக்கிறேன். இந்த ஒழுங்கை மாற்றினால், கடையில் மனதுக்குப் பிடித்துப்போன இயந்திரத்துக்கு ஏற்றபடி வீட்டின் அளவுகளை நாமே சமாதானப்படுத்திக்கொள்வோம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, தடித்த அட்டைத்துண்டு, கத்தரிக்கோல், ஒரு கொப்பி. கடைக்குப் போகும் நாளுக்கு இரண்டு கைத்தொலைபேசிகளும் ஒரு சிறு பையில் ரவையும் தேவைப்படும். இரண்டு தொலைபேசிகள் எதற்கு என்பது 9ஆம் படியில் விளங்கும்.

மேலும், நீங்கள் இரண்டு மாதிரிகள்வரை தெரிவைக் குறுக்கியிருக்க வேண்டும். நான்கைந்து மாதிரிகளை வைத்துக்கொண்டு இந்தப் படிகளைச் செய்ய முயன்றவர்கள் பாதியிலேயே களைத்து, விளம்பரத்தில் அதிகம் கண்டதை வாங்கிவிடுகிறார்கள்.

2. வீட்டை அளத்தல்

பெரும்பாலான இயந்திரங்களின் விட்டம் 35 சென்ரிமீற்றரை ஒட்டியிருக்கும். அட்டையை 35 சென்ரிமீற்றர் வட்டமாக வெட்டி, அதன்மேல் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி ஒட்டுநாடாவால் கட்டுங்கள். இந்தப் போலி இயந்திரத்தைக் கட்டில், செற்றி, அலுமாரி ஆகியவற்றின் கீழே கையால் தள்ளிப் பாருங்கள். லைடார் கோபுரம் (லேசர் கதிரால் தூரம் அளக்கும், மேலே எழும்பி நிற்கும் பகுதி) உள்ள இயந்திரங்கள் ஏறத்தாழ 9.5 முதல் 10 சென்ரிமீற்றர் உயரமாகவும், கோபுரம் இல்லாதவை 8 சென்ரிமீற்றர் அளவிலும் இருப்பது வழக்கம். இரண்டு மாதிரிகளுக்கும் இடையிலான அந்த ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான் உங்கள் கட்டிலுக்குக் கீழே தூசி தங்குமா தங்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

வெள்ளவத்தையில் என் பெரியம்மா வீட்டில் நடந்தது இது. எல்லாம் பார்த்து வாங்கினோம், இதை மட்டும் அளக்கவில்லை. முதல் நாள் மாலையே அழைத்து, "தம்பி, மெஷின் செற்றிக்குக் கீழ தலையை முட்டிப்போட்டுத் திரும்பிப் போகுது, நான்தான் பிறகும் குனிஞ்சு கூட்டுறன்" என்றார். செற்றியின் அடிச்சட்டம் தரையிலிருந்து 9.4 சென்ரிமீற்றர், இயந்திரத்தின் உயரம் 9.7. மூன்று மில்லிமீற்றரால் வாங்கியதன் பயனே இல்லாமற் போயிற்று. செற்றியின் முன்பக்கத்தில் மட்டும் அளந்தாலும் போதாது. நடுவில் துணி தொய்ந்திருக்கும் இடத்தில் உயரம் இன்னும் குறைவாக இருக்கும் என்பதால், மிகத் தாழ்வான இடத்தையே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து நிலைப்படிகள். பல இயந்திரங்கள் சுமார் 2 சென்ரிமீற்றர் வரையான தடையில் ஏறக்கூடியவை. கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் அறை வாசல்களில் இதைவிட உயரமான மரக்கட்டை இருக்கும். குசினி ஒரு படி இறக்கத்தில் இருக்கும். தொடர்மாடிகளில் பல்கனிக் கதவின் அலுமினியத் தண்டவாளத்தையும் அளவுங்கள். ஏற முடியாத வாசல்கள் இரண்டுக்கு மேல் இருந்தால், முழு வீட்டையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்யும் என்ற கணக்கைக் கைவிட்டு, அறைக்கு அறை தூக்கிச் செல்ல எது பாரம் குறைந்தது என்று பார்ப்பதே சரி.

கதிரைக் கால்களுக்கு இடைப்பட்ட தூரம், கறுப்பு நிற மாபிள் உள்ள பகுதிகள், தரைவரை இறங்கும் கண்ணாடிகள், மேற்குப்புறமாகக் கடலை நோக்கிய யன்னல்கள் ஆகியவற்றையும் கொப்பியில் எழுதிவையுங்கள். இவை 5ஆம் படியில் தேவைப்படும்.

3. மாதிரியின் முழுப்பெயரை உறுதிசெய்தல்

ஒரே பெயருக்குப் பின்னால் பிளஸ், புரோ, மேக்ஸ், அல்ட்ரா என்று ஒட்டிவரும் சொற்களுக்கு எல்லா நிறுவனத்திலும் ஒரே பொருள் கிடையாது. பல சமயங்களில் பிளஸ் என்பது, அதே இயந்திரத்துடன், அது மின்னேறத் திரும்பி வந்து நிற்கும்போது தூசியைத் தானே இழுத்தெடுக்கும் நிலையம் சேர்ந்தது என்பதையே குறிக்கும். வேறு சமயங்களில் மோட்டாரே மாறியிருக்கும். ஆகவே விற்பனைப் பெயரை நம்பாமல், இயந்திரத்தின் அடியிலுள்ள ஒட்டுச்சீட்டில் எழுத்தும் எண்ணும் கலந்துள்ள மாதிரி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் அந்தச் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான்: ஒரு மாதிரியைப் பற்றிய விமர்சனக் காணொளியைப் பார்த்துவிட்டு, அதே பெயரில் வேறு சந்தைக்காகத் தயாரிக்கப்பட்ட இன்னொன்றை வாங்கிவிடுகிறார்கள்.

4. இரு நிரல் தாளும், எண்களை ஒரே அலகுக்குக் கொண்டுவருதலும்

கொப்பியின் பக்கத்தை இரண்டு நிரல்களாகப் பிரித்து, நிறுவனங்கள் வெளியிட்ட தரவுத்தாள்களிலிருந்து ஒவ்வொரு விபரத்தையும் எதிரெதிரே எழுதுங்கள். எழுதி முடித்ததும், இரண்டிலும் ஒத்திருக்கும் வரிகளைக் கோடிட்டு வெட்டிவிடுங்கள். நாற்பது வரிகளில் பெரும்பாலும் எட்டோ பத்தோதான் மிஞ்சும். அந்த எட்டுப் பத்தை மட்டுமே இனி யோசிக்க வேண்டும். ஒரு பக்கம் விபரம் எழுதப்படாமல் வெறுமையாக இருந்தால் "இல்லை" என்று கொள்ளாமல் கேள்விக்குறி இடுங்கள். அதைக் கடையில் நேரில் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

எண்களை அப்படியே ஒப்பிடக்கூடாது. பற்றரியை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 5200 மில்லி அம்பியர் மணி, மற்றதில் 4000 என்று இருந்தால் முதலாவதே பெரிது என்று தோன்றும். ஆனால் முதலாவது 14.4 வோல்ற்றிலும் இரண்டாவது 21.6 வோல்ற்றிலும் இயங்குமானால், பெருக்கிப் பார்க்கும்போது முதலாவது ஏறத்தாழ 75 வாட்மணியும் இரண்டாவது 86 வாட்மணியும் ஆகும். வோல்ற்றளவை அம்பியர் மணியால் பெருக்கி வரும் வாட்மணியே பற்றரியில் உள்ள மொத்தச் சக்தி. அதைத்தான் தாளில் எழுத வேண்டும்.

இயங்கும் நேரமும் அப்படியே. 180 நிமிடம் என்பது பெரும்பாலும் மிக அமைதியான, மிகக் குறைந்த உறிஞ்சல் நிலையில் பெறப்பட்ட எண். ஒரு நிறுவனம் அமைதி நிலை எண்ணையும் மற்றது நடுநிலை எண்ணையும் தந்திருந்தால் அந்த வரியை ஒப்பிடவே முடியாது, வெட்டிவிடுங்கள்.

உறிஞ்சுதிறன் என்று காட்டப்படும் பாஸ்கல் எண்ணைக் கடைசியாகப் பார்க்கவே நான் சொல்வேன். அது அடைபட்ட நிலையில் மோட்டார் உண்டாக்கக்கூடிய அழுத்த வேறுபாட்டைச் சொல்கிறது. தரையிலிருந்து எவ்வளவு தூசி எடுபடும் என்பதைச் சொல்வதில்லை. தூசி எடுபடுவது காற்றோட்டத்தின் அளவு, தூரிகை தரையோடு படியும் விதம், உறிஞ்சும் வாயின் ஓரங்களில் காற்றுக் கசிவு ஆகிய எல்லாவற்றையும் பொறுத்தது. உலர் துப்புரவு ரோபோக்களைச் சோதிப்பதற்கென 62885-7 என்ற ஐ.ஈ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு) தரம் இருக்கிறது; இரண்டு மாதிரிகளுக்கும் அத்தரத்தின்படி பெறப்பட்ட முடிவுகள் கிடைத்தால் அவற்றை நம்பி ஒப்பிடலாம். கிடைக்காவிட்டால், சீமெந்தும் மாபிளுமாக இருக்கும் நம் வீட்டுத் தரைகளுக்கு 4000 பாஸ்கலுக்கும் 6000 பாஸ்கலுக்கும் இடையிலான வேறுபாட்டுக்காக அதிக பணம் கொடுக்க வேண்டியதில்லை. தடித்த கம்பளம் விரித்த வீடு என்றால் மட்டுமே அந்த எண்ணுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்புக் கொடுக்கலாம்.

5. வழியறியும் முறையை உங்கள் வீட்டோடு பொருத்திப் பார்த்தல்

லைடார் என்பது சுழலும் லேசர் கதிரால் சுற்றுப்புறத் தூரங்களை அளந்து வரைபடம் போடும் முறை. இருட்டிலும் இயங்கும். ஆனால் கண்ணாடிக் கதவை ஊடறுத்துப் பார்த்து, அப்பால் இல்லாத அறை ஒன்றை வரைபடத்தில் சேர்த்துவிடும். நிலைக்கண்ணாடியும் அதேபோல் ஏமாற்றும். கமராவால் வழியறியும் மாதிரிக்கு வெளிச்சம் தேவை. இரவில் விளக்கணைத்துவிட்டு ஓடவிட நினைப்பவர்களுக்கு அது பொருந்தாது. இரண்டும் இல்லாமல் திரும்பும் திசையை உணரும் சுழல்காட்டியை மட்டும் நம்பும் மலிவு மாதிரிகள், சின்ன வீட்டில் சமாளித்தாலும் எங்கே சுத்தம் செய்தோம் என்பதை நினைவில் வைத்திருப்பதில்லை.

வயர், செருப்பு போன்ற தாழ்வான பொருள்களை லைடார் காணாது, ஏனெனில் கதிர் இயந்திரத்தின் தலை உயரத்தில்தான் செல்கிறது. அதற்கென முன்பக்கத்தில் தனி உணரி உள்ளதா என்பதே, லைடார் கொண்ட இரண்டு மாதிரிகளுக்கு இடையில் பெரும்பாலும் வரும் உண்மையான வித்தியாசம். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த ஒரு வரிக்காகவே விலை கூடியதை எடுப்பது நியாயம். அந்த உணரி கமராவாக இருந்தால், படங்கள் இயந்திரத்துக்குள்ளேயே ஆராயப்படுகின்றனவா, வெளியே அனுப்பப்படுகின்றனவா என்பதை தரவுத்தாளில் தேடி எழுதுங்கள்.

இனி 2ஆம் படிக் குறிப்புகளுக்கு வாருங்கள். படியிலிருந்து விழாமல் காக்கும் அடியுணரிகள் அகச்சிவப்பு ஒளி தரையில் பட்டுத் திரும்புவதை வைத்தே இயங்குகின்றன. கறுப்பு மாபிள் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், சில இயந்திரங்கள் அதைப் பள்ளம் என்று எண்ணி நின்றுவிடும். கடற்கரை வீதிப் பக்கத் தொடர்மாடிகளில் மாலை வெயில் நேரே விழும் இடத்தில் நிலையத்தை வைத்தால், அதன் அகச்சிவப்புச் சைகையை இயந்திரம் கண்டுபிடிக்கத் திணறும். நிலையத்துக்கு வெயில் படாத, இரு பக்கமும் இடைவெளியுள்ள சுவர் ஒன்று உங்கள் வீட்டில் உண்டா என்று இப்போதே பாருங்கள்.

6. துடைக்கும் பகுதியும் நிலையமும்

ஈரத்துணியை வெறுமனே இழுத்துச் செல்வது, அதிரும் துணி, சுழலும் இரட்டை வட்டுகள், உருளை என்று வகைகள் உள்ளன. வெறும் இழுதுணி தூசியை ஒற்றி எடுக்கும், காய்ந்த தேநீர்க் கறையை எடுக்காது. கம்பளம் இருந்தால் துணியைத் தானே தூக்கிக்கொள்ளும் வசதியும் எத்தனை மில்லிமீற்றர் தூக்கும் என்பதும் முக்கியம்.

கொழும்பின் ஈரக்காற்றில் நனைந்த துணி தானாகக் காய்வது அரிது. மறுநாள் வாடை வரும். அதே துணியோடு இயந்திரம் ஓடினால் வீடெங்கும் வாடை பரவும். சூடான காற்றால் உலர்த்தும் நிலையம் ஒரு மாதிரியில் இருந்து மற்றதில் இல்லையென்றால், அந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கலாம். அல்லது துணியை ஒவ்வொரு முறையும் கழற்றித் தோய்த்து வெயிலில் போட நீங்கள் ஆயத்தமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெங்கு நுளம்பு, தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். கழற்றிப் பல்கனியில் வைத்த நீர்த்தாங்கி, நிலையத்தின் அடித்தட்டில் நிற்கும் நீர் ஆகியவற்றை ஊருக்குப் போகுமுன் வெறுமையாக்கித் துடைக்க வேண்டும். ஆகவே இரண்டு மாதிரிகளில் எதன் அடித்தட்டைக் கழற்றிக் கழுவலாம் என்பதையும் தாளில் சேருங்கள்.

7. மின்சாரமும் மின்வெட்டும்

நம் மின்வழங்கல் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வெளிநாட்டு உறவினர் மூலம் எடுப்பிக்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லண்டனிலிருந்து வருவது மின்னளவிலும் 13 அம்பியர் சதுரமுள் பிளக்கிலும் நம்முடையதோடு பொருந்தும். ரொறன்ரோவிலிருந்து வருவது 120 வோல்ற் சந்தைக்குரியது. சாதாரண மின்னேற்றும் அடப்டர் 100 முதல் 240 வரை ஏற்கக்கூடும். தூசியை இழுத்தெடுக்கும் பெரிய நிலையம் 120 வோல்ற்றுக்கு மட்டுமே செய்யப்பட்டிருக்கலாம். அடியிலுள்ள சீட்டைப் படிக்காமல் இங்கே செருகினால் அது எரிந்துபோகும்.

மின்வெட்டைப் பொறுத்தவரை இரண்டு கேள்விகள். இடையில் மின்சாரம் போய் வந்தபின் இயந்திரம் வரைபடத்தை நினைவில் வைத்திருக்கிறதா? ரவுட்டர் அணைந்து இணையம் இல்லாதபோது, மேலுள்ள பொத்தானை அழுத்தினால் வேலையைத் தொடங்குகிறதா? 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த காலத்தை மறக்காதவர்கள் இக்கேள்விகளைச் சிறியதாக எண்ணமாட்டார்கள். நிலையம் நாள் முழுவதும் செருகியபடியே இருப்பதால், இடிமின்னல் காலத்துக்காக மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றையும் செலவில் சேருங்கள்.

8. செயலியும் உதிரிப்பாகமும்: மூன்றாண்டுக் கணக்கு

சீனச் சந்தைக்கென விற்கப்படும் சில இயந்திரங்கள், அவற்றை இயக்கும் தொலைபேசிச் செயலியில் நாடாகச் சீனாவைத் தெரிந்தால் மட்டுமே இணையும். குரல் அறிவிப்பும் சீனமொழியில் வரலாம். விலை வியக்கத்தக்க அளவு குறைவாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். செயலியின் பின்னாலுள்ள சேவை நிலைக்குமா என்பதும் வீண்கவலை அல்ல. ரோபோ வாக்குவம் தயாரித்த நீட்டோ என்ற நிறுவனம் 2023இல் மூடப்பட்டது; அதன் இணையச் சேவை 2025இல் நிறுத்தப்பட்டபோது, அந்த இயந்திரங்களைச் செயலியால் இயக்க முடியாமற் போய், பொத்தானை அழுத்தி ஓடவிடுவது மட்டுமே எஞ்சியது.

உதிரிப்பாகங்களுக்கு வருவோம். ரோபோரொக், ஷாவோமி போன்றவற்றின் செயலிகள் வடிகட்டிக்கு 150 மணி, பக்கத் தூரிகைக்கு 200 மணி, பிரதான தூரிகைக்கு 300 மணி என்று பாவனைக் காலம் காட்டுவது வழக்கம். நாளுக்கு ஒரு மணிநேரம் ஓடினால் மூன்றாண்டில் 1095 மணி. அப்படியானால் 7 வடிகட்டிகள், 5 பக்கத் தூரிகைகள், 3 பிரதான தூரிகைகள் மாற்ற வேண்டிவரும். தூசி நிலையம் இருந்தால் பைகளும் சேரும். இவற்றின் இன்றைய விலையைக் கொழும்பில் விசாரித்து இயந்திர விலையோடு கூட்டுங்கள். கூட்டிப் பார்த்தபின் மலிவாகத் தெரிந்தது மலிவாக இல்லாமற் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பற்றரியைத் தனியாக விசாரிக்க வேண்டும். லிதியம் பற்றரிகளை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால், மற்றப் பாகங்களைப்போல் நினைத்தவுடன் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இயலாது. இறக்குமதி முகவர் தன் களஞ்சியத்தில் இப்போது பற்றரி வைத்திருக்கிறாரா என்பதே கேள்வி. "எடுத்துத் தரலாம்" என்ற பதிலை நான் "இல்லை" என்றுதான் எழுதுவேன்.

9. கடையில் செய்யும் சோதனை

கூட்டமில்லாத வேலைநாள் முற்பகலில் போங்கள். காட்சிக்கு வைத்த இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

சுவர் மூலையோடு ஒரு கரண்டி ரவையைக் கோடாகத் தூவி, இரண்டு இயந்திரங்களையும் ஒரே நிலையில் ஓடவிடுங்கள். பக்கத் தூரிகை வேகமாகச் சுழலும் இயந்திரம் ரவையை வாய்க்குள் தள்ளுவதற்குப் பதிலாக அறையெங்கும் வீசிவிடும். மூலையில் மிஞ்சும் வெண்கோட்டின் அகலத்தை விரலால் அளந்தாலே, பாஸ்கல் எண் சொல்லாததை அது சொல்லிவிடும்.

பிறகு இயந்திரத்தைக் கவிழ்த்து, பிரதான தூரிகையை உங்கள் கையாலேயே கழற்றுங்கள். அதன் இரு முனைகளையும் பாருங்கள். நீண்ட கூந்தல் சுற்றி இறுகுவது அந்த முனைகளில்தான். முனைத்தொப்பி தனியாகக் கழன்றால் முடியை உருவி எடுத்துவிடலாம். கழலாவிட்டால் ஒவ்வொரு வாரமும் கத்தியால் கீற வேண்டிவரும். தூசிப்பெட்டியைத் திறக்கும்போது கை அழுக்காகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் இதைச் செய்யப்போவது வயதானவர் என்றால் அவரையும் கூட்டிச் சென்று, அவர் கையால் திறக்க வைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தொலைபேசியில் ஹொட்ஸ்பொட் போட்டு, மற்றதில் செயலியை நிறுவி இயந்திரத்தை இணைத்துப் பாருங்கள். பல இயந்திரங்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே ஏற்பதால் ஹொட்ஸ்பொட்டையும் அதற்கு மாற்றுங்கள். இணைந்ததும் ஹொட்ஸ்பொட்டை அணைத்துவிட்டு இயந்திரத்தின் பொத்தானை அழுத்திப் பார்த்தால், 7ஆம் படியின் இரண்டாம் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

10. பற்றுச்சீட்டும் உத்தரவாதமும்

பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றும் எழுதப்பட வேண்டும். இயந்திரத்துக்கு ஒரு காலமும் பற்றரிக்கு அதைவிடக் குறைந்த காலமும் கொடுப்பது வழக்கமாதலால் இரண்டையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். கடையின் உத்தரவாதமும் முகவரின் உத்தரவாதமும் வேறு. திருத்தும் இடம் எது, அது கொழும்புக்குள்தானா என்று கேளுங்கள். வாய்மொழி வாக்குறுதி பின்னர் எடுபடாது. எழுதித் தந்ததை மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

11. முதல் வாரம்

பெட்டியையும் உள்ளேயுள்ள நுரைத்தகடுகளையும் எறியாதீர்கள்; பெட்டி இல்லாமல் மாற்றித் தரமாட்டார்கள். முதல் ஓட்டத்தின்போது தரையில் கிடக்கும் எல்லாவற்றையும் தூக்கி, அறைக் கதவுகளைத் திறந்து, வரைபடம் முழுமையாகப் பதிய விடுங்கள். முதல் ஓட்டத்திலேயே துடைக்கும் துணியையும் மாட்டிவிடுவது பலர் செய்யும் பிழை. ஈரத்தில் சேறாகும் தூசி சில்லுகளில் ஒட்டிச் சறுக்கினால், வரைபடம் கோணலாகப் பதிய இடமுண்டு.

இரண்டாம் நாள், வீட்டில் எவரும் இல்லாத நேரத்தில் ஓடவிட்டு, திரும்பி வந்ததும் அது நிலையத்தில் நிற்கிறதா, எங்காவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் நாள் ஓட்டத்தின் நடுவில் ரவுட்டரையும் நிலையத்தையும் ஆளியில் அணைத்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். வரைபடம் அழிந்தாலோ, நிலையத்துக்குத் திரும்ப வழி தெரியாமல் அலைந்தாலோ, அதைக் காணொளியாக எடுத்துக்கொண்டு மாற்றிக் கொடுக்கும் தவணை முடியுமுன் கடைக்குக் கொண்டுபோங்கள்.